கையில் இருக்கும் காகிதமே பாடநூல்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பில் ஆண்களின் எண்ணிக்கை கூடிவிடும். அன்று தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காக அரசு விதிக்கும் தடை அது. வடசென்னைக் காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசியபடி கட்டிக் கிடக்கும். பகலில் வலையைச் சீர்செய்வதும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவதுமாகப் போகும். மாலையில் கொஞ்சம் பொழுது மிஞ்சும். அந்தப் பொழுதில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். தடை முடிந்ததும் அவர்களில் பாதிப் பேரைப் பார்க்க முடியாது. பெண்கள் ஆண்டு முழுவதும் வருகிறார்கள், தண்ணீர் லாரி வரும் மாலையைத் தவிர. இவற்றை எல்லாம் கணக்கில் வைத்துத்தான் எங்கள் பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறோம்.

தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவில், பகலில் பால்வாடி இயங்கும் ஒரு கூடத்தில், இரவு ஏழு மணிக்கு நடக்கிறது எங்கள் சமுதாயப் பள்ளி. கட்டணம் கிடையாது. மீன் விற்கும் பெண்கள் வருகிறார்கள். ஏலத்துக்காக நள்ளிரவு தாண்டியதுமே எழுந்தவர்கள் அவர்கள், எட்டரை மணிக்கு மேல் கண் செருகிவிடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்தவர்கள் வந்து, முதலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் ட்ரெய்லர் ஓட்டுநர்கள் வருகிறார்கள். ஒப்பந்த முறையில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள், தையல் வேலை செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று மற்றவர்கள். சிலருக்கு வீட்டு மொழி தெலுங்கு, சிலருக்கு உருது.

இவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் எழுத்தறிவு 90 விழுக்காட்டைத் தாண்டியது. ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர் என்பதே அந்தக் கணக்கின் இலக்கணம். எங்கள் வகுப்பில் உள்ளவர்களில் மிகப் பலர் அந்த 90 விழுக்காட்டுக்குள் வருகிறவர்கள். தமிழ்ச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள். சீட்டுக் கணக்கும் வட்டிக் கணக்கும் மனத்திலேயே போடுபவர்கள். ஆனால் அவர்கள் வாழ்க்கையை முடிவு செய்யும் காகிதங்களில் பாதி ஆங்கிலத்தில் வருகின்றன. அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவன் நல்லவனாக இருந்தால் படித்துச் சொல்வான். அவசரத்தில் இருந்தால் "ஒன்றுமில்லை அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

"முப்பதே நாளில் ஆங்கிலம்" என்ற விளம்பரம் ஒட்டப்படாத மின்கம்பம் இந்தப் பகுதியில் குறைவு. அந்த வகுப்புகளுக்குப் பணம் கட்டி, இரண்டு வாரத்தில் நின்றுவிட்டு, எங்களிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி, பிடித்த பொழுதுபோக்கைச் சொல்வது எப்படி என்று அங்கே தொடங்குகிறார்கள். ஆங்கிலம் தெரியாதது அவமானம் என்று முதலில் நம்ப வைத்துவிட்டு, பிறகு பாடத்தை விற்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. எங்கள் கூடத்துக்கு வந்த எவரும் சரளமாகப் பேச வேண்டும் என்று கேட்டதில்லை. இன்னொருவர் தயவை எதிர்பார்த்து நிற்காமல் இருந்தால் போதும் என்றார்கள். ஆகவே பாடத்தை அங்கிருந்து தொடங்கினோம்: வீட்டில் இருக்கும் காகிதத்தைக் கொண்டுவாருங்கள், அதைப் படிப்போம்.

முதல் பாடம் பெயர்.

இது எளிதான பாடம் என்று நினைப்பவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்களின் அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு. தமிழில் எல்லாவற்றிலும் ஒரே பெயர். ஆங்கிலத்தில் அப்படி இருக்காது. பெயரில் 'ழ' வந்துவிட்டால் ஓர் அட்டையில் 'இசட்-எச்' இருக்கும், இன்னொன்றில் 'எல்' இருக்கும். 'ஊ' என்ற நெடிலுக்கு ஓரிடத்தில் 'யு' என்றும் மற்றோரிடத்தில் இரண்டு 'ஓ' என்றும் எழுதியிருப்பார்கள். 'ச' என்று தொடங்கும் பெயர் 'எஸ்' ஆகவும் 'சி-எச்' ஆகவும் மாறி மாறி வரும். இதற்கு மேல் தலைப்பெழுத்து. நமக்குத் தந்தையின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வது வழக்கம்; குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு நிரப்பு நிரப்பு என்கின்றன. கணினி முன் உட்கார்ந்திருந்தவர் அன்றைக்குத் தோன்றியபடி ஒன்றை அடித்திருப்பார். ஒருவரே காகிதத்தில் நான்கு பேராகிவிடுகிறார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு, வைப்பு நிதிப் பணத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்த எந்தத் தொழிலாளியும் பதில் சொல்வார். வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப் போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பிவிடலாம். உழைத்துச் சேர்த்த சொந்தப் பணம், பிள்ளையின் கல்யாணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ கேட்கும்போது, ஓர் எழுத்தால் நின்றுவிடுகிறது. அந்த எழுத்தைப் போட்டவர் அவர் அல்ல. யாரோ ஒரு மேற்பார்வையாளர், யாரோ ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகப் பையன்.

எங்கள் வகுப்பில் பெயர்ப் பாடத்துக்கு ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்குகிறோம். எல்லோரும் எல்லா அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். பாயில் பரப்பி, ஒவ்வோர் அட்டையிலும் உள்ள பெயரை நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்து எழுதுகிறார்கள். மாறுபடும் எழுத்தைச் சுற்றி வட்டம் போடுகிறார்கள். இருபத்தாறு எழுத்துகளில் முதலில் எவற்றைக் கற்க வேண்டும் என்பதை அந்த வட்டங்களே தீர்மானிக்கின்றன. பிறகு பேச்சு தொடங்கும். என் பெயரை எப்படி எழுத வேண்டும்? எந்த எழுத்து என் பெயரின் ஓசைக்கு நெருக்கமாக இருக்கிறது? எந்த அட்டையைத் திருத்துவது எளிது? ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற அனுமதிக்கிறார்கள் என்பதால், அதை அவசரப்பட்டுத் தொடக் கூடாது என்று சொல்லி வைக்கிறோம். அம்மா வைத்த பெயர், பள்ளியில் வாத்தியார் மாற்றிய பெயர், புகுந்த வீட்டில் கூப்பிடும் பெயர் என்று கதை நீளும். நான் குறுக்கிடுவதில்லை. ஐம்பது வயதில் ஒரு பெண் தன் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்று முதல் முறையாக முடிவு செய்கிறார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா இந்தப் பாடத்தை முடித்த மறு வாரம் இ-சேவை மையத்துக்குப் போனார். வழக்கமாக மகனை அழைத்துக்கொண்டு போகிறவர், இந்த முறை தனியாகப் போனார். பெயர் என்ன என்று கேட்டதும், தமிழில் சொல்லிவிட்டு நிற்காமல், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அடித்து முடித்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஓரிடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகே அச்சுப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் தாளை மடக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் பள்ளியின் சாதனை எது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த பாடம் மருந்து. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர்களும் செவிலியர்களும் தமிழில் பேசுகிறார்கள். வீட்டுக்கு எடுத்து வரும் அட்டையும் அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாத்திரை அட்டையில் தயாரித்த தேதி எங்கே, காலாவதித் தேதி எங்கே, மருந்தின் பெயர் எங்கே, எத்தனை மில்லிகிராம் என்று தேடிப் பிடிப்பது ஒரு விளையாட்டு போலத் தொடங்கும். சிறிது நேரத்தில் கூடம் அமைதியாகிவிடும். காலாவதித் தேதி அட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும் என்பதால் மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும் என்று மீன் விற்கும் பெரியம்மா ஒருவர் எல்லோருக்கும் சொன்னார். அவரே கண்டுபிடித்த இன்னொன்று அதைவிடப் பெரியது. சர்க்கரை நோய்க்கு அரசு மருத்துவமனையில் ஒரு மாத்திரையும், வீட்டருகே உள்ள ஒரு தனியார் டாக்டரிடம் இன்னொரு மாத்திரையும் வாங்கி, இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டைகளில் இருந்த வணிகப் பெயர்கள் வேறு வேறு. அவற்றோடு மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள் என்று சொல்லியிருந்தோம். எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டிலும் மெட்ஃபார்மின் என்றிருந்தது. மறுநாளே இரண்டு அட்டைகளையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இந்தப் பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள இன்றுவரை தெரியாது. அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

வங்கிக் குறுஞ்செய்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஆங்கிலத்தில் வரும் மோசடிச் செய்தியையும் வங்கியிலிருந்து வரும் உண்மையான செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் படிக்கிறோம். வரவு, பற்று, மீதி, ஓடிபி, யாரிடமும் சொல்லாதே. இந்தச் சில சொற்கள் கண்ணில் பட்டதும் பொருள் தோன்ற வேண்டும். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

கன்டெய்னர் பாடத்தை நான் கற்பிக்கவில்லை, கற்றுக்கொண்டேன். எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்தபடி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை என் வாழ்நாளில் நான் படித்ததில்லை. ஓட்டுநர் அண்ணன் ஒருவர்தான் பலகையில் எழுதிக் காட்டினார். முதலில் நான்கு எழுத்துகள்: மூன்று எழுத்துகள் பெட்டியின் உரிமையாளரைக் குறிப்பவை, நான்காவது பெரும்பாலும் 'யு'. அடுத்து ஆறு இலக்கங்கள். கடைசியில் ஒரு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இதுதான் முறை. ஐஎஸ்ஓ 6346 என்று அதற்குப் பெயர். கடைசி இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. 'ஏ' என்றால் 10, 'பி' என்றால் 12 என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு. 11-ம் அதன் மடங்குகளும் விடப்படும். ஒவ்வொன்றையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மிஞ்சுவது அந்த இலக்கம். பத்து மிஞ்சினால் பூஜ்யம். யாராவது ஓர் எழுத்தைத் தவறாகப் படித்து எழுதினால் கணக்குப் பெரும்பாலும் ஒத்துவராது, தவறு பிடிபடும். சீட்டுக் கணக்குப் போடும் அக்காக்கள் இந்தப் பெருக்கலை என்னைவிட வேகமாக முடித்தார்கள். எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்யாமல் இருந்தவர்கள்கூட அந்த மாலையில் 'ஏ' முதல் 'இசட்' வரை எழுதி, பக்கத்தில் மதிப்பு போட்டு, நோட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த அண்ணனுக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும்; கூட்டிப் படிக்க வராது. பல ஆண்டுகளாகப் பதினொரு குறிகளைத் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிட்டே பழகியவர். ஆகவே அவருக்கான வாசகத்தைப் பெட்டியின் கதவிலிருந்தே எடுத்தோம். மொத்த எடை, வெற்றுப் பெட்டியின் எடை, ஏற்றக்கூடிய சரக்கின் எடை என்று கிலோவிலும் பவுண்டிலும் அங்கே எழுதியிருக்கிறது. அந்தச் சொற்களைப் படித்துப் பழகி, பிறகு சரக்குச் சீட்டில் உள்ள சொற்களுக்கு வந்தோம். இவ்வளவுக்குப் பின் ஒரு நாள், பெட்டிக் கதவைப் பூட்டி முத்திரையிட்ட சீலின் எண்ணும் சீட்டில் இருந்த எண்ணும் வேறாக இருப்பதைப் பார்த்து, வண்டியை எடுக்காமல் நின்று, தன் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி செய்தி அனுப்பினார். சீல் எண் ஒத்துவரவில்லை, வாயிலில் காத்திருக்கிறேன். இரண்டே வாக்கியம். பெட்டியைத் திறந்து சரக்குக் குறைந்திருந்தால் பழி விழுவது ஓட்டுநர் மேல்தான். அந்தச் செய்தியைக் காட்டியபோது வகுப்பே எழுந்து கைதட்டியது.

மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறவர்களுக்கு என்று தனிப் பாடம் உண்டு. படகில் இருக்கும் வாக்கி டாக்கியில் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள், அதுவே போதுமானதும்கூட. ஆனால் சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கும் வந்து போகும் சரக்குக் கப்பல்களின் பாதை இவர்கள் வலை விடும் இடத்தைக் கடந்து செல்கிறது. கப்பலில் இருப்பவர் எந்த நாட்டு மாலுமியோ தெரியாது. கடலில் பொதுவாகப் புழங்கும் மொழி ஆங்கிலம். 2001-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு எளிய வாக்கியங்களின் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. அந்தத் தொகுப்பின் அழகே அதன் எளிமைதான். இலக்கணச் சிங்காரம் எதுவும் இல்லை. எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். இரைச்சலில் குழம்பக் கூடாது என்பதற்காக மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும் என்றே விதி. நாக்கை வளைத்துச் சொல்ல வராமல் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர்கள், தாங்கள் சொல்லும் 'ட்ரீ'தான் கடலில் சரியான உச்சரிப்பு என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பயிற்சியைக் கூடத்துக்கு வெளியே முற்றத்தில் நடத்துகிறோம். இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கையைக் காட்டிப் புரிய வைக்க வழியில்லை. ஒருவர் படகு, ஒருவர் கடலோரக் காவல் படை. ஆபத்தில் கூப்பிடும் அலைவரிசை 16. ஆபத்து என்பதற்கு 'மேடே' என்று மூன்று முறை சொல்ல வேண்டும், பிறகு படகின் பெயர், ஜிபிஎஸ் காட்டும் இடம், என்ன நேர்ந்தது, என்ன உதவி வேண்டும், படகில் எத்தனை பேர். இந்த வரிசை தப்பக் கூடாது. சென்னைக் கரை ஏறத்தாழ வடக்கே 13 பாகையிலும் கிழக்கே 80 பாகையிலும் இருக்கிறது என்பதால் அந்த இரண்டு எண்களும் எல்லோர் வாயிலும் பாட்டாகவே ஆகிவிட்டன. கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு தடைக்காலப் பயிற்சிக்குப் பிறகு கடலுக்குப் போன தம்பி ஒருவர், நேரே வந்துகொண்டிருந்த சரக்குக் கப்பலைக் கூப்பிட்டு, வலை விட்டிருக்கிறோம், விலகிப் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கப்பல் பதில் சொல்லித் திசை மாற்றியது. அன்று அந்தப் படகு விட்டிருந்த வலையின் விலை பல லட்சம். ஆட்களின் உயிருக்கு விலை சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்னதால், எங்கள் பள்ளி தேர்வுகளை மதிக்காதது என்று யாரும் எண்ண வேண்டாம். சான்றிதழ் இந்த நாட்டில் சோறு போடுகிறது. எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை, எட்டாம் வகுப்போடு நின்றவர், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினார். கணக்கையும் அறிவியலையும் தானே படித்துக்கொண்டார்; ஆங்கிலம்தான் அச்சுறுத்தியது. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். அவர் அதைத் தாண்டினார். தீபாவளிக் கூட்டத்தில் விடுப்பே கிடைக்காத கடையில் வேலை பார்த்துக்கொண்டு, இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கடிதம் எழுதிப் பழகிய பெண். தேர்வுக்குப் போன அன்று அவருடைய மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டார் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

தாய்மார்களில் பெரும்பாலோரை எங்களிடம் கொண்டுவருவது பிள்ளையின் பள்ளி டைரி. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் கிடைத்துவிடுகிறது. டைரியில் வரும் குறிப்பு ஆங்கிலத்தில். குழந்தையே படித்து அம்மாவுக்குச் சொல்லும். தனக்கு வேண்டாததைச் சொல்லாமலும் விட்டுவிடும். டைரிக் குறிப்புகளை ஒரு தொகுப்பாக எழுதி வைத்துப் படிக்கிறோம். காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதப் பழகுகிறோம்.

தன்னார்வலர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சனிக்கிழமைகளில் வந்து உதவுகிறார்கள். நல்ல மனம் கொண்ட பிள்ளைகள். ஆனால் வந்ததும் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று ஒரு விதியைப் போட முயல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. தமிழில் ஊரையே எதிர்த்து வாதாடும் ஒருவரின் வாயைக் கட்டிவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் பேசு என்றால், அவர் அந்தக் கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறார். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவிலேயே வந்துவிடும் என்று தமிழில் விளக்கினால் பெரியவர்களுக்கு ஒரே மாலையில் புரிந்துவிடுகிறது. குழந்தைக்குப் பல மாதம் பழக்கத்தால் வருவது, பெரியவருக்குக் காரணம் சொன்னால் வருகிறது. இந்த வசதியைக் கைவிட எந்த நியாயமும் இல்லை.

ஆங்கிலம் தெரிந்தவர் வாய்வழியே தங்கள் வழக்கைக் கேட்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வடசென்னைக்காரர்கள். தலைவராக வந்த பி.பி. வாடியா பம்பாய்ப் பார்சிக் குடும்பத்தவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்லக் கேட்டார்கள் தொழிலாளர்கள். திரு.வி.க. துணைத் தலைவராக இருந்து தமிழில் முழங்கினார். நிர்வாகத்தோடு எழுத்துப் போக்குவரத்து ஆங்கிலத்தில். நிறுவனம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் ஆங்கிலத்தில். அந்த வழக்கின் அதிர்ச்சிதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் வரை கொண்டுபோனது. வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர்கள், தங்களைப் பற்றிய காகிதங்களைத் தாங்களே படிக்க முடியாத நிலையில் அவ்வளவையும் சாதித்தார்கள். ஆலை 1996-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் மகள்களும் பேத்திகளும் எங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு அந்த நிலை எண்ணூர்ப் பக்கம் கண்ணெதிரே நடக்கிறது. ஒரு பெரிய தொழிற்சாலையோ மின்நிலையமோ வர வேண்டுமென்றால் 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்கும். முழு அறிக்கை, நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில் இருக்கும். சாம்பல் எங்கே கொட்டப்படும், சுடுநீர் எந்தக் கால்வாயில் விடப்படும் என்பதெல்லாம் அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் கிடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது; உத்தரவுகள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றை எங்கள் வகுப்பில் அச்செடுத்து, பத்தி பத்தியாகப் பிரித்துக்கொண்டு படித்தோம். முழுவதும் புரியவில்லைதான். ஆனால் ஆற்றின் பெயர், தங்கள் குப்பத்தின் பெயர், தேதி, எத்தனை படகுகள் என்ற எண்ணிக்கை, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்ற வரி, இவற்றைப் பென்சிலால் அடிக்கோடிட்டார்கள். ஒரு கட்டத்தில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர்களே ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதைவிடக் கடினமான ஆங்கிலத்தை எந்த விளம்பர வகுப்பும் கற்றுத்தராது.

இப்போது கொருக்குப்பேட்டையில் இரண்டாவது வகுப்பு தொடங்கவிருக்கிறது. அங்கே நடத்தப் போகிறவர், இ-சேவை மையத்தில் திரையைத் திருப்பச் சொன்ன அந்த அக்காதான். முதல் மாதத்துக்கு எந்தெந்தக் காகிதங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று அவரே திட்டம் எழுதியிருக்கிறார்: பெயர், மருந்து அட்டை, சம்பளச் சீட்டு, வைப்பு நிதிக் கணக்கு. சம்பளச் சீட்டை மூன்றாவதாக வைத்தது அவருடைய யோசனை. பிடித்தம் எவ்வளவு என்று எல்லோரும் அன்றே பார்த்துவிட வேண்டும் என்கிறார். கூடம் கிடைத்துவிட்டது. ஒரு கரும்பலகையும், பாய்களும், வாரத்தில் இரண்டு மாலைகள் தவறாமல் வந்து அவருக்குத் துணை நிற்கக்கூடிய இரண்டு பேரும் வேண்டும். ஆங்கிலத்தில் புலமை தேவையில்லை. பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசத் தெரிந்தவர்களாக, அவர் சொல்வதைக் கேட்டு நடப்பவர்களாக இருந்தால் போதும்.